வீட்டுச் சாக்கடை அடைத்தால் செலவு யாருடையது?

கேள்வி: மதுரையில் பாதாளச் சாக்கடைக்குக் கட்டணம் கட்டுகிறோம். கழிவறைத் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வருகிறது. மாநகராட்சிதானே வந்து எடுத்துவிட வேண்டும்?

அடைப்பு எங்கே என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. காம்பவுண்டுக்குள் இருக்கும் குழாய், டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு), சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவில் ஓடும் மெயின் குழாயும் மேன்ஹோலும் மாநகராட்சியுடையவை. ரசீதைக் காட்டினாலும் இந்த எல்லை மாறாது.

வாசலை ஒட்டிய கடைசிச் சேம்பரைத் திறந்து பாருங்கள். காலியாகக் கிடந்தால் அடைப்பு உங்கள் வீட்டுக்குள். அங்கிருந்து ஒவ்வொரு சேம்பராகப் பின்னோக்கித் திறந்து வந்தால், நிரம்பியதற்கும் காலியானதற்கும் நடுவில்தான் அது இருக்கும். காலியான பக்கத்திலிருந்து மேல்நோக்கி ராடு (அடைப்பைக் குத்தி எடுக்கும் நீளக் கம்பி) விடச் சொல்லுங்கள்; நிரம்பிய பக்கமிருந்து குத்தினால் கட்டி இன்னும் இறுகும். கீழ்ச் சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பி வலை வைத்துக்கொள்வது நல்லது. வலை வைக்காமல் குத்திவிட்டால், உடைந்து வரும் துணியும் கட்டியும் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் மறுபடி உட்காரும்.

கடைசிச் சேம்பரே நிரம்பி நின்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் நின்றால் மெயினில் அடைப்பு. மண்டல அலுவலகத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் சேம்பருக்கும் மெயினுக்கும் நடுவில் உள்ள இணைப்புக் குழாய்தான். அதற்காக நீங்களே ஆள் வைத்து ரோட்டை வெட்டக் கூடாது, அனுமதி வேண்டும்.

அடிக்கடி அடைக்கிறதென்றால் கோளாறு பெரும்பாலும் கட்டுமானத்தில் இருக்கும். 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் வேண்டும். மண்ணுக்குள் 90 டிகிரி எல்போ போடக் கூடாது, 45 டிகிரி பெண்ட் இரண்டு போடுங்கள். சேம்பரின் அடித்தளம் தட்டையாக இருந்தால் மலம் அங்கேயே தங்கும். குழாய் வரும் வாயிலிருந்து போகும் வாய் வரை அரைவட்ட வாய்க்கால் இழுத்து, இருபுறமும் அதை நோக்கிச் சரிவாகப் பூச வேண்டும். கொத்தனார் கிளம்பும் முன் நீங்களே குனிந்து பாருங்கள்.

சமையலறைக் குழாய் தனி வியாதி. கறிக்குழம்பு எண்ணெயும் கிரைண்டர் கழுவிய மாவும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் வெள்ளை மெழுகாகப் படியும். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி) கட்டி, வெளிக்குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றை மாட்டி அதன் வாய் தண்ணீருக்குள் முங்கும்படி வையுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும். வாராவாரம் அள்ளிப் போடலாம். ஆசிட் ஊற்றாதீர்கள். பிவிசி தாங்கும், சேம்பரின் சிமெண்ட் பூச்சு தாங்காது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பீங்கான் குழாய் இருந்தால் ஜாயிண்டில் வேர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாநகராட்சிக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் சொல்லக்கூடும். ஐப்பசி மழையில் மெயின் நிரம்பித் தரைத்தளக் கழிவறையில் பொங்குவதற்கு மொட்டைமாடித் தண்ணீரைச் சேம்பரில் விடுகிறவர்களும் ஒரு காரணம். அதற்காக எல்லாக் குற்றமும் வீட்டுக்காரர்கள் தலையில் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு எத்தனை வீடுகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள்! வாசல்படி புதைந்து, மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். அந்தச் செலவை யாரிடம் கேட்பது?

உங்கள் வீடும் ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தால் கடைசிச் சேம்பரில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். அதன் மடலில் முடி சுற்றும், மாதம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு அவசரமானாலும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் கொல்லும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறக்கிய வீட்டுக்காரருக்கும் முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர் லாரிக்கு 14420ஐ அழையுங்கள்.