பதவிப் பெயர் இல்லாத வேலை: சேருவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

ஐயா,

உங்கள் மகளுக்கு வந்திருக்கும் ஆஃபர் லெட்டரைப் பார்த்தேன். பதவி என்ற இடத்தில் 'டீம் உறுப்பினர்' என்று மட்டும் இருக்கிறது. யாருக்குக் கீழே வேலை என்று எங்கேயும் இல்லை. "இதை எப்படி நம்பி அனுப்புவது, பதவி இல்லாத இடத்தில் உயர்வு எப்படி, நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் இந்த அனுபவத்தை யார் மதிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஒரு வேலை உறுதியானதா என்பதை நாமெல்லாம் பதவியையும் பதவி உயர்வையும் வைத்துத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

ஆனால் பதவிப் பெயரும் மேலதிகாரியும் இல்லாத இப்படிப்பட்ட கம்பெனியில் பார்க்க வேண்டியது வேறு. நடத்துகிறவர் முடிவெடுக்கும் அதிகாரத்தை வேலை செய்கிறவர்களிடம் நிஜமாகவே விட்டிருக்கிறாரா? விட்ட பிறகு ஒரு முயற்சி தோற்றால் அதில் இருந்தவர்களை எப்படி நடத்துகிறார்? முதல் கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரண்டாவதில்தான் விஷயம் வெளியே வரும்.

கோர் என்ற அமெரிக்கக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டுகளில் 'கோர்-டெக்ஸ்' என்று பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான். டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்த பில் கோர், 1958-ல் மனைவி வீவ் உடன் சேர்ந்து டெலவேர் மாநிலத்தில் தங்கள் வீட்டு நிலவறையில் தொடங்கியது. அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர், 'அசோசியேட்'. யாரும் யாருக்கும் வேலை ஏவுவதில்லை. 'இதை நான் செய்கிறேன்' என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அது அவர் பொறுப்பு. புதிதாக வருகிறவருக்கு 'ஸ்பான்சர்' என்று அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருப்பார்.

இந்த ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு அவர்களுடைய கிட்டார் கம்பியே சாட்சி. மருத்துவக் கருவிகள் பிரிவில் இருந்த ஓர் எஞ்சினியர், கோர்-டெக்ஸில் இருக்கும் அதே பாலிமரை, அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக்கை, தன் சைக்கிளின் கேபிளுக்குப் பூசிப் பார்த்தார். நன்றாக ஓடியது. அப்புறம் அதையே கிட்டார் கம்பிக்குப் பூசினால் அழுக்கு சேராமல் ஓசை நீடிக்குமே என்று தோன்றியது. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது; தெரிந்த ஒருவரைக் கம்பெனிக்குள்ளேயே தேடிப் பிடித்தார். பிறகு இன்னும் சிலர் தாங்களாகவே சேர்ந்தார்கள். வருடக்கணக்கில், தங்கள் வழக்கமான வேலைக்கு நடுவே, மேலிடத்து அனுமதி எதுவும் வாங்காமல் முயன்றார்கள். 1990-களின் பின்பகுதியில் 'எலிக்சர்' என்ற பெயரில் வந்த அந்தக் கம்பி உலகம் முழுக்க விற்கிறது. மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய இடமாக இருந்திருந்தால், 'இதயக் கருவி செய்கிறவருக்குக் கிட்டாரில் என்ன வேலை?' என்ற ஒரே கேள்வியில் இது முடிந்திருக்கும்.

அதற்காக அங்கே யாரும் எதையும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியைக் கப்பலாக நினைத்தால், நீர்மட்டத்துக்கு மேலே ஓட்டை விழுந்தால் அடைத்துக்கொள்ளலாம், கீழே விழுந்தால் மூழ்கிவிடும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை போடக்கூடிய முடிவு என்றால் மற்றவர்களைக் கலந்துதான் செய்ய வேண்டும். இந்த எல்லைக்கோட்டைப் போட்டதுதான் நிறுவனரின் பெரிய சாதனை என்று எனக்குப் படுகிறது. சுதந்திரம் தருகிறேன் என்று பேசுவது யாருக்கும் சுலபம். அது எதுவரை என்று தெளிவாகச் சொல்கிறவர்கள் குறைவு. எல்லை தெரியாத இடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பயந்து எதையுமே தொட மாட்டார்கள்.

2005-ல் அவர்களுக்குப் புதுத் தலைமை நிர்வாகி தேவைப்பட்டபோது, பட்டியல் எதுவும் கொடுக்காமல் அசோசியேட்டுகள் பலரிடம் 'யார் பின்னால் போவீர்கள்?' என்று கேட்டார்கள். 1983-ல் எஞ்சினியராகச் சேர்ந்த டெரி கெல்லி அப்படித்தான் அந்த இடத்துக்கு வந்தார். 'பதவி இல்லாத இடத்தில் உயர்வு எப்படி?' என்று கேட்டீர்களே, ஒரு வழி இது.

புதுமைக்குக் காலமும் வேண்டும். 3எம் கம்பெனியில் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் கண்டுபிடித்த, சரியாக ஒட்டாத பசைக்கு உபயோகம் தெரிய வருடங்கள் ஆயின. 'போஸ்ட்-இட்' என்று அது அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற வழக்கத்தைத் தலைமை காப்பாற்றி வந்ததால்தான் இப்படிப்பட்டவை பிழைத்தன.

தொழில்நுட்பக் கம்பெனிக்குத்தான் இது சரிவரும் என்றும் இல்லை. நெதர்லாந்தில் நர்ஸாக இருந்த யோஸ் டி பிளாக் 2006-ல் தொடங்கிய 'புர்ட்சோர்க்', நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அமைப்பு. ஒரு டீமில் 12 பேருக்கு மேல் கிடையாது. யாரை வேலைக்கு எடுப்பது, யார் எந்த நோயாளியிடம் போவது என்பதெல்லாம் டீமே முடிவு செய்யும். அவர்களுக்கு மேனேஜர் இல்லை, ஆலோசனை சொல்லும் பயிற்சியாளர்தான் உண்டு.

சறுக்கியவர்களும் இருக்கிறார்கள். ஆன்லைனில் செருப்பு, ஷூ விற்ற ஸாப்போஸ் மேனேஜர் பதவிகளை எடுத்துவிட்டு, 2015-ல் 'இந்த நிர்வாக முறை பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம்' என்று அறிவித்தது. பத்தில் ஒருவருக்கு மேல் போய்விட்டார்கள். வீடியோ கேம் செய்யும் வால்விலும் மேலதிகாரி கிடையாது என்பார்கள். ஆனால் அங்கிருந்து வெளியேறிய ஒருவர் 2013-ல், கண்ணுக்குத் தெரியாத அதிகாரக் குழு உள்ளே இருந்தது என்றார். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. எழுதி வைத்த அதிகாரத்தை எதிர்த்துப் பேசலாம். எழுதாததை யாரிடம் போய்க் கேட்பது?

ஆகவே கடைசிச் சுற்று இன்டர்வியூவில் உங்கள் மகள் தயங்காமல் கேட்கட்டும்: "சமீபத்தில் நீங்கள் கைவிட்ட புராஜெக்ட் எது? அதில் இருந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" புராஜெக்டின் பெயரும் காரணமும் டக்கென்று வந்து, அந்த ஆட்கள் அங்கேயே வேறு வேலையில் இருந்தால் நல்ல அறிகுறி. 'நாங்கள் தோல்வியைக் கொண்டாடுகிறோம்' என்று பொதுவாகப் பேசினால் சந்தேகப்படுங்கள். சம்பள உயர்வை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? முதல் ஆறு மாதம் யார் கற்றுத் தருவார்? இவற்றுக்கும் தெளிவான பதில் வேண்டும். கற்றுத் தர யாரென்று சொல்ல முடியாத இடம், முதல் வேலைக்குச் சரியில்லை. அப்படியென்றால் மேனேஜர் இருக்கும் ஒரு சாதாரணக் கம்பெனியில் இரண்டு வருடம் தொழில் கற்றுக்கொண்டு பிறகு போகட்டும்.

வேறு இடத்தில் மதிப்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதவிப் பெயர் பேசாது என்பதால் ரெஸ்யூமே பேச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தான் எடுத்த முடிவு என்ன, எதனால் எடுத்தாள், என்ன விளைந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 'ஒரு வேலையைச் சும்மா கையில் எடுத்தேன்' என்பதற்கும் 'அதில் இன்னின்ன மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இவ்வளவு நாளில் முடித்தேன்' என்பதற்கும் இன்டர்வியூ எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டால் நல்லது. ஒரு வருடம் கழித்து உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும்.

கையெழுத்துப் போட இன்னும் நாள் இருக்கிறதல்லவா? அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதிலை அவர்கள் வார்த்தையிலேயே குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.