பழைய பிளேஸ்டேஷன் 4-க்குத் தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்?
சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்து வீட்டில் உங்கள் பிளேஸ்டேஷன் 4 இரைந்து சூடாகிறது, தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) எவ்வளவு வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விசிறித் தூசியை எடுங்கள்; பல நேரம் அதுவே போதும்.

பேஸ்ட் தானாகக் குளிர்விக்காது. சில்லுக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மோசம். அந்த இடத்தைப் பேஸ்ட் நிரப்புகிறது, அவ்வளவுதான். அதனால் மெல்லிய படலம் போதும். தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடையுங்கள். இந்தச் சில்லின் மேல் சூட்டைப் பரப்பும் உலோக மூடி கிடையாது, எனவே மூலைகள் விடாமல் பரப்புங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் பேஸ்ட் கிடைக்கும்.

பிளேஸ்டேஷன் 5 என்றால் தயவுசெய்து திறக்காதீர்கள். அதில் பேஸ்டுக்குப் பதிலாக இருப்பது திரவ உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், சிந்தினால் போர்டு ஷார்ட் ஆகிவிடலாம்.