ஃபால்ஸ் காட்டுக் கோட்டைகள்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ஜெர்மனியோட தென்மேற்கு மூலையில பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஃபால்ஸ்னு ஒரு பகுதி இருக்கு. கிழக்குப் பக்கம் ரைன் சமவெளியைப் பார்த்தாப்ல வரிசை வரிசையா திராட்சைத் தோட்டம், மேற்கால ஃபெல்ஸர்வால்ட் காடு, அந்தக் காட்டுப் பாறைங்க மேல இடிஞ்சு நிக்கிற பழைய கோட்டைங்க. ரொம்ப வருஷமா அங்க நடந்துட்டிருக்கேன், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான இடம். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

அக்கா, ஃப்ராங்க்ஃபர்ட்ல இருக்கோம், ஒரே ஒரு நாள்தான் லீவு. ட்ரிஃபெல்ஸ் கோட்டைக்குப் போனா போதுமா?

ட்ரிஃபெல்ஸ் கட்டாயம் பாருங்க, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் சிலுவைப் போர் முடிச்சுத் திரும்பும்போது 1192 டிசம்பர்ல வியன்னா பக்கத்துல பிடிபட்டாரு, அப்புறம் ஜெர்மனியை ஆண்ட பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் கைக்கு வந்து 1193ல கொஞ்ச நாள் இங்கதான் அடைச்சு வச்சிருந்தாங்க. ரிச்சர்டை விடுவிக்க வாங்கின வெள்ளிதான் மறு வருஷம் ஹைன்ரிஷ் சிசிலி மேல படையெடுக்கவும் உதவுச்சு. பேரரசோட கிரீடம், வாள் எல்லாம் கூட ஒரு காலத்துல இங்க இருந்துச்சு, இப்ப அசல் வியன்னாவுல இருக்கு, இங்க பார்க்கிறது நகல். ஆனா ஒண்ணு தெரிஞ்சுட்டுப் போங்க, 1602ல மின்னல் விழுந்து எரிஞ்சு அப்படியே பாழாப் போன கோட்டை இது, நீங்க பார்க்கிற பெரிய ஹால் 1938ல ஆரம்பிச்சுக் கட்டினது, நாஜி அரசு தன் பெருமைக்காகக் கட்டினது, பழைய கோட்டை அப்படி இருந்ததே இல்ல. அதனாலதான் சொல்றேன், இடிஞ்சதை இடிஞ்ச மாதிரியே பார்க்கணும்னா அன்னிக்கு மத்தியானமே லிண்டல்ப்ரூன் கோட்டைக்குப் போயிடுங்க. டிக்கெட் இல்ல, கார் பார்க்கிங்ல இருந்து கொஞ்ச தூரம் ஏத்தம், மேல நின்னா சுத்தி நாலாப் பக்கமும் காடுதான்.

இவ்ளோ கோட்டை ஏன் ஒரே இடத்துல? எல்லாமே ஏன் இடிஞ்சிருக்கு?

பாறைதான் முதல் காரணம். சிவப்பு மணற்கல், சுத்தியும் மண் கரைஞ்சு போயி கெட்டியான பகுதி மட்டும் செங்குத்தா சுவர் மாதிரி எழும்பி நிக்குது, அதுக்கு மேல கட்டினா பாதி கோட்டை ஏற்கனவே ரெடி. ஹைன்ரிஷோட ஸ்டாஃபர் வம்சத்துக்கு ட்ரிஃபெல்ஸ் முக்கியமான இடம், அதைச் சுத்திப் பாதுகாப்புக்கு அவங்க ஆளுங்க கட்டினது நிறைய. அழிஞ்சது ஒரே தடவையில இல்ல. டிராஹன்ஃபெல்ஸ் கோட்டை 1523ல போச்சு, அதுல பங்கு வச்சிருந்த ஃபிரான்ஸ் ஃபான் ஸிக்கிங்கன்ங்கிற போர்வீரர் இளவரசர்களை எதிர்த்துத் தோத்ததுக்காக இடிச்சாங்க. 1525ல விவசாயிங்க கிளர்ச்சி பண்ணினப்ப சில கோட்டை எரிஞ்சது, அப்புறம் முப்பதாண்டுப் போர், கடைசியா 1689 வாக்குல பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயியோட படை வந்து மிச்சமிருந்ததையும் கொளுத்திட்டுப் போச்சு. அதுக்கப்புறம் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க வீடு கட்ட கல்லை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

போனா வெறும் கல்லாத்தான் தெரியுது, என்ன பார்க்கணும்னே புரியல.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சுவரைப் பார்க்காதீங்க, முதல்ல பாறையைப் பாருங்க. பாறையில சதுரமா குழி குழியா இருக்கும், அது மர உத்தரம் சொருகின இடம். அந்தக் குழி வரிசையைக் கண்ணால தொடர்ந்தா எத்தனை மாடி, கூரை எந்தச் சாய்வுல இறங்குச்சுன்னு வெறும் பாறையிலயே வீடு தெரிய ஆரம்பிச்சுடும். அடுத்து பெரிய கல்லோட முகத்துல நடுவுல சின்னதா ஒரு ஓட்டை, அது இடுக்கியால கவ்வித் தூக்கினதோட அடையாளம். கல்லோட நடுப்பகுதியை மட்டும் புடைப்பா விட்டுட்டு ஓரத்தைச் செதுக்கியிருப்பாங்க, ஸ்டாஃபர் காலத்துல அந்த வேலைப்பாடு ரொம்பப் பிரபலம். அப்புறம் தண்ணி. பாறை உச்சியில தண்ணிக்கு எங்க போறது, அதனால மழைத் தண்ணி பிடிக்கக் குடைஞ்ச தொட்டி இருக்கும், அதுக்குத் தண்ணி கொண்டு வர்ற சின்ன வாய்க்கால் பாறையிலயே வெட்டியிருக்கும், தேடிப் பாருங்க. பெர்வார்ட்ஷ்டைன் கோட்டையில பாறையைக் குடைஞ்சு நூறு மீட்டருக்கும் மேல ஆழமா கிணறே வெட்டியிருக்காங்க, இதையெல்லாம் உளியும் சுத்தியலும் மட்டும் வச்சுப் பண்ணின மனுஷங்களை நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும்.

அக்கா, நாங்கள் கார்ல்ஸ்ரூவேல இருக்கிறம். அம்மாவுக்கு முழங்கால் நோ, கனதூரம் நடக்கேலாது. அவவையும் கூட்டிக்கொண்டு போற மாதிரி ஏதும் இருக்கோ?

இருக்கு. நொய்ஷ்டாட் பக்கத்துல ஹம்பாஹ் கோட்டைக்குப் போங்க, கார், பஸ் ரெண்டும் கிட்ட வரைக்கும் போகும். அது இப்ப இடிபாடு இல்ல, திரும்பக் கட்டினது, ஆனா 1832 மே மாசம் ஆயிரக்கணக்கான ஜனங்க கறுப்பு சிவப்பு தங்கக் கொடியோட ஏறிப் போயி சுதந்திரமும் ஒண்ணுபட்ட ஜெர்மனியும் கேட்ட இடம். அம்மா அங்க உக்காந்தே கீழ திராட்சைத் தோட்டம் மொத்தத்தையும் பார்க்கலாம். இடிபாடுதான் வேணும்னா டான் ஊர் பக்கம் ஆல்ட்டான், கிராஃபன்டான், டான்ஷ்டைன் மூணும் ஒரே பாறை வரிசையில இருக்கு. படி நிறைய, அதனால அம்மா கீழ ஒரு காபியோட இருக்கட்டும், நீங்க பிள்ளைங்களோட ஏறிட்டு வாங்க.

எந்த மாசம் பெஸ்ட்?

செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர். திராட்சை அறுவடை நடக்கும், பாதி புளிச்ச புது வைனும் வெங்காய கேக்கும் ஊரெல்லாம் கிடைக்கும், காட்டோரத்துல கஷ்கொட்டை உதிர்ந்து கிடக்கும். அந்த மரமெல்லாம் சும்மா வந்தது இல்ல, கொடிக்கு முட்டுக் கொடுக்க அந்தக் கட்டைதான் சட்டுனு உளுத்துப் போகாதுன்னு வச்சு வளர்த்தது. மேற்கு மழையைக் காடு தடுத்துடுறதால இந்தப் பக்கம் அத்தி, பாதாம் கூட காய்க்குது, மார்ச் வாக்குல பாதாம் பூக்கும்.

ப்ரோ சொன்னான் அங்க அரை லிட்டர் க்ளாஸ்ல வைன் தருவாங்கன்னு. கார்ல போலாமா?

ஷோர்லன்னு சொல்லுவாங்க, வைன்ல சோடா கலந்தது, ஆனா இந்த ஊர்ல வைன்தான் ஜாஸ்தி இருக்கும். சட்டப்படி ரத்தத்துல ஆல்கஹால் 0.5 பெர்மில் (ஆயிரத்துல அரைப் பங்கு)தான் லிமிட், அதை ஒரு க்ளாஸ்லயே நெருங்கிடலாம். குடிக்கிறதா இருந்தா தயவு செஞ்சு ட்ரெயின்ல வாங்க, நொய்ஷ்டாட், லாண்டாவ் மாறி ட்ரிஃபெல்ஸ் அடிவாரத்துல இருக்கிற ஆன்வைலர் வந்துடலாம், டாய்ச்லாண்ட் டிக்கெட்ங்கிற மாசப் பாஸே போதும். குடிக்காதவங்களுக்குத் திராட்சை ஜூஸ்ல சோடா கலந்து தருவாங்க, அருமையா இருக்கும்.

நாங்க சைவம், காட்டுக்குள்ள சாப்பாடு?

நடைபயண சங்கத்தோட குடில் நிறைய இருக்கு, அவிச்ச உருளைக்கிழங்கோட மூலிகை போட்ட தயிர் மாதிரி வெள்ளைச் சீஸ் கேளுங்க, இல்லன்னா ஆவியில வெந்த டாம்ப்ஃப்நூடல் பன்னு, வெனிலா சாஸோட. உருளைக்கிழங்கு சூப்ல கறி இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. நிறைய குடில் எல்லா நாளும் திறக்காது, கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க, கையில ரொக்கம் வச்சுக்கோங்க.

ஒரே நாள்ல நாலு கோட்டை நடக்கலாம்னு கேள்விப்பட்டேன்?

ஆமா, வேகல்ன்பர்க், ஹோஹன்பூர், லோவன்ஷ்டைன், ஃப்ளெக்கன்ஷ்டைன். முதல்து ஜெர்மனி, 572 மீட்டர் உயரம், மத்த மூணும் பிரான்ஸ்ல, காட்டுக்குள்ள நடந்துகிட்டே நாடு மாறிடும். பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் எடுத்துக்கோங்க. முழு நாள் ஒதுக்குங்க, மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிடுங்க, பல இடத்துல சிக்னல் வராது.

சின்னப் பசங்களை டிராஹன்ஃபெல்ஸ் கூட்டிட்டுப் போலாமா? மழை பெஞ்சா?

கை பிடிச்சுட்டே ஏத்துறதா இருந்தா போலாம், படியெல்லாம் பாறையில வெட்டினது, தேய்ஞ்சு சரிவா இருக்கும். மழையில வேண்டாம், ஈர மணற்கல் ரொம்ப வழுக்கும். சுவர் மேல ஏற விடாதீங்க, அந்தக் கல்லு விரல்ல தேய்ச்சாலே மணலா உதிரும், பேர் கிறுக்கினா போச்சு, திரும்ப வராது. வசந்தத்துல சில பாறையில வல்லூறு கூடு கட்டும், அடைச்சிருக்குன்னு போர்டு பார்த்தா வேற வழியில போங்க. வீடு திரும்பினதும் பசங்க முழங்காலுக்குப் பின்னாடி, அக்குள், காது பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கான்னு பார்த்துடுங்க.