80களின் ஸ்பீக்கரில் ஊஃபர் ஓரம் உதிர்ந்துவிட்டது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, தூக்கிப் போடுவதா?

முதலில் ஒன்று. இனி அதில் பாட்டு போடாதீர்கள், மெதுவாகக்கூட வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் கேள்வியில் சொன்னது இவ்வளவு: அப்பா 80களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 8 இஞ்ச் ஊஃபர் (ஆழ்ந்த ஒலியை, அதாவது பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்), ஓரத்திலுள்ள கறுப்பு வளையம் தொட்டால் உதிர்கிறது, சத்தம் கரகரக்கிறது, மெக்கானிக் 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது சார், ப்ளூடூத் செட் ஒண்ணு வாங்கிடுங்க' என்கிறார். போயிருப்பது பெரும்பாலும் அந்த வளையம் மட்டும்தான். கோன், அதாவது அதிர்ந்து ஒலி தரும் கூம்பு, நடுவில் நிற்பதற்குப் பாதிப் பொறுப்பு அதனுடையது. அது இல்லாமல் ஓட்டினால் கோனின் அடியில் ஒட்டியுள்ள கம்பிச் சுருளான காயில் ஒரு பக்கம் சாய்ந்து காந்தத்தின் இடுக்கில் உரசும். உரசி உரசிக் கம்பியின் மேல்பூச்சு போய்விட்டால் மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும்.

அப்பாவோ, நீங்களோ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைக்க வேண்டாம். அந்த வளையம் பாலியூரிதேன் நுரை. அந்தக் காலத்தில் பரவலாகப் போட்ட வகை, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானாகவே சிதைந்து போகும். உறை போட்டு மூடி வைத்திருந்தாலும், ஒரு நாள்கூடப் பாட்டு போடாவிட்டாலும் சிதையும். பதினைந்து, இருபது வருடம் தாங்கினால் பெரிது. கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். அதே வயதுள்ள துணி ஓரமோ ரப்பர் ஓரமோ இன்னும் கெட்டியாக இருப்பதைப் பார்க்கலாம்.

அப்படியானால் எதற்காக நுரையைப் போட்டார்கள்? இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை சுலபம். 50களின் தொடக்கம் வரை வீட்டில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். 1954இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். வில்ச்சரின் யோசனை எளிமையானது. கோனைப் பிடிக்கும் ஓரத்தை மிக மிகத் தளர்வாக வைப்பது, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடுவது, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்துவது. சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. அதன் பிறகு எத்தனையோ கம்பெனிகள் இதே வழியில் போயின. முதலில் துணி ஓரம், பிற்பாடு நுரை. நுரையைப் போட்டதே அது மெத்தென்று இருக்கும் என்பதற்காகத்தான். ஆகவே நாம் மாற்றிப் போடுவதும் அதே அளவு மெத்தென்று இருந்தாக வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் ரீகோனிங் கடைகளில், அதாவது ஸ்பீக்கருக்குக் கோனும் ஓரமும் மாற்றிக் கட்டும் கடைகளில், கவனம் தேவை. திறமையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களிடம் வருவதில் முக்கால்வாசி கோயில் திருவிழா, கல்யாண மண்டப ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு விறைப்பான மடிப்புத் துணி ஓரம்தான் சரி. நண்பர் ஒருவருடைய ஊஃபரை ஒரு கடையில் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுசு போல இருந்தது, கரகரப்பும் போய்விட்டது, கூடவே பேஸும் போய்விட்டது. ஓரம் விறைத்தால் கோனின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறிவிடும். அதற்குக் கீழே உள்ள சுரமெல்லாம் மெலிந்துவிடும். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் திருகை எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பி வராது.

பழைய ஸ்பீக்கர் விஷயத்தில் என் கட்சி இதுதான்: செத்ததை மட்டும் மாற்றுங்கள், அதே மாதிரி பொருளால் மாற்றுங்கள், மேம்படுத்துகிறேன் என்று இறங்காதீர்கள். கோன், பெட்டியின் கொள்ளளவு, உள்ளே திணித்த பஞ்சு, க்ராஸ்ஓவர் (கீழ்ச் சுரத்தையும் மேல் சுரத்தையும் பிரித்தனுப்பும் மின்சுற்று) எல்லாம் ஒன்றையொன்று கணக்கில் வைத்துச் செய்தவை. ஒன்றை 'நல்லதாக' மாற்றினால் மற்றவற்றின் கணக்கு தப்பும்.

வேலையைத் தொடங்கும் முன் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்தால் 8 ஓம் ஊஃபர் ஏறத்தாழ ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர் பக்கம் வைத்து ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். சத்தமின்றி உள்ளே போய் வந்தால் நல்லது. ஓரம் முழுக்க உதிர்ந்த நிலையில் கொஞ்சம் உரசலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். நேராகப் பிடித்து அழுத்தியும் மணல் அரைபடுவது போலக் கேட்டால் நுரைத் துணுக்கு இடுக்கில் விழுந்திருக்கும், அல்லது காயில் கருகி உப்பியிருக்கும். மேல் சுரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

புது நுரை வளையம் இணையத்தில் கிடைக்கிறது. '8 இஞ்ச்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே 8 இஞ்சில் பல அளவுகள் உண்டு. கோனின் வெளி விட்டம், வளையத்தின் புடைப்பு தொடங்கும் இடம், முடியும் இடம், சட்டத்தில் ஒட்டும் பட்டையின் வெளி விட்டம் இந்த நான்கையும் மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வளையம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்பதையும் உதிர்த்துத் தள்ளும் முன் பார்த்து வையுங்கள்.

உண்மையான வேலை ஒட்டுவதில் இல்லை, சுரண்டுவதில்தான். பழைய நுரை பிசுபிசுவென்று கோனிலும் சட்டத்திலும் அப்பியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் ஊறவிட்டு, மழுங்கிய கத்தியாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ வழித்தெடுக்க வேண்டும். காகிதக் கோனை நனைத்துவிடக் கூடாது. இரண்டு ஊஃபருக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அவசரப்பட்டுப் பழைய பசையின் மேலேயே ஒட்டினால் சீக்கிரமே ஒரு மூலை எழும்பிவிடும்.

காகிதக் கோனுக்குத் தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை வகையே போதும். அது மெதுவாகப் பிடிக்கும் என்பதுதான் அதன் நல்ல குணம், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். உடனே பிடிக்கும் சூப்பர் குளூ பக்கமே போகாதீர்கள். உங்கள் கோன் பளபளப்பான பிளாஸ்டிக்காக, அதாவது பாலிபுரொப்பிலீனாக இருந்தால் மட்டும் வெள்ளைப் பசை ஒட்டாது. அதற்கென உள்ள பசையைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் வளையத்தைக் கோனில் ஒட்டிக் காயவிடுங்கள். அடுத்தது சட்டத்தில் ஒட்டும் கட்டம். இங்கேதான் காயில் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியாக மிகக் குறைந்த வால்யூமில் ஊஃபருக்குக் கொடுங்கள். காதுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்காது, கோன் மட்டும் மெல்ல அசையும். பசை ஈரமாக இருக்கும்போதே ஓரத்தை அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள். உரசல் இருந்தால் 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது மறையும் இடம்தான் நடு. அங்கே சுற்றிலும் துணி கிளிப்பைப் போட்டு, டோனை நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். நடுவிலுள்ள மூடியை அறுத்துத் திறந்து, காயிலைச் சுற்றிப் பழைய ஃபிலிம் நெகட்டிவ் துண்டுகளைச் செருகி நடுப்படுத்துவது இன்னொரு முறை. அது இன்னும் துல்லியம், ஆனால் முதல் தடவைக்கு எனக்கு டோன் முறைதான் பிடிக்கும்.

அடுத்து க்ராஸ்ஓவர். அதிலுள்ள கம்பிச் சுருள்கள் சாகாவரம் பெற்றவை. கீழ்ச் சுரம் ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும் கண்டன்சர்தான் கிழடாகும். அந்தக் கால நான்-போலார் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் வருடங்கள் போகப்போக அளவு மாறும், உள் எதிர்ப்பும் கூடும். ஒரு கணக்கு பாருங்கள்: 8 ஓம் ட்வீட்டருக்கு 6 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டன்சர் போட்டிருந்தால் சுமார் 3300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுக்க ஆரம்பிக்கும். அதே கண்டன்சர் வயதாகி 8 ஆகிவிட்டால் எல்லை 2500க்கு இறங்கிவிடும். ட்வீட்டர் தாங்க முடியாத கீழ்ச் சுரமெல்லாம் அதன் தலையில் விழும். உள் எதிர்ப்பு கூடினாலோ ஜால்ராவும் கஞ்சிராவின் சலங்கையும் போர்வைக்குள்ளிருந்து கேட்கும்.

மாற்றுவதற்குப் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் வகை நல்லது, அதற்கு வயதே தெரியாது. ஆடியோ என்று பெயர் போட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ, ஏன், உங்கள் தெரு எலக்ட்ரிக்கல் கடையிலோ கிடைக்கும் சீலிங் ஃபேன் கண்டன்சரும் அதே ஃபிலிம்தான், 440 வோல்ட் தாங்கும். 3.15 மைக்ரோஃபாரட் இரண்டை இணையாகக் கொடுத்தால் 6.3. ஆறுக்கு அது போதுமான நெருக்கம். பெரிய காசு போட்டு வெள்ளி, எண்ணெய் வகைக் கண்டன்சர் வாங்குகிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும். ஃபிலிம் வகைக்கு உள் எதிர்ப்பு குறைவு என்பதால் சில பெட்டிகளில் ட்வீட்டர் சற்றுத் தூக்கலாகத் தெரியும். அப்போது அரை ஓம், ஒரு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் பழைய சமநிலை வந்துவிடும்.

பெட்டியின் பின்னால் ட்வீட்டரைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய அக்கூஸ்டிக் ரிசர்ச் பெட்டிகளில் அது பச்சை பிடித்துப்போய் ட்வீட்டரே வேலை செய்யாமல் இருப்பது மிகச் சாதாரணம். ட்வீட்டர் போய்விட்டது என்று தூக்கியெறிந்த பெட்டிகளில் பலவற்றுக்கு அது ஒன்றுதான் வியாதியாக இருக்கும். உள்ளே இருப்பது கண்ணாடி இழைப் பஞ்சு என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததை அதே அளவு திரும்ப வையுங்கள். ஊஃபரைத் திரும்பப் பூட்டும்போது ஓரத்தில் காற்று கசியாமல் பட்டை வைக்க வேண்டும். மூடிய பெட்டி என்றால் கோனை மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். சோம்பலாக, நிதானமாகத் திரும்பி வந்தால் அடைப்பு சரி.

ஒயர் மாட்டும் முன் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸைச் சிவப்பில் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் மட்டும் தலைகீழ், உள்ளே போகும். அது அவர்கள் வழக்கம், கோளாறு இல்லை.

இப்போது கேட்பது. மோனோவாகப் பதிவான 60களின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் ஒரே இடத்தில், நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பெட்டியில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. இடம் பிடிபடாமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் காணாமல் போனால் ஒரு பக்கத்து ஒயர் மாறியிருக்கிறது. அப்புறம் ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம். வலது பக்கத்து 'நம்', 'தீம்' எந்த ஸ்பீக்கரிலும் ஓரளவு வந்துவிடும். இடது பக்கத் தொப்பியில் ரவை பூசிய தோலை அழுத்தி இழுக்கும் கும்கி இருக்கிறதே, அதன் வளைவு முழுதாகக் கேட்கிறதா என்று பாருங்கள். என்னிடமிருப்பது அந்த அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் ஏ.ஆர்-18, உங்களுடையது போலவே 8 இஞ்ச். அதில் நுரை மாற்றிய பிறகு எனக்குப் பிடித்துப்போன இடம் இதுதான். இப்போதைய சின்ன சவுண்ட்பார்களில் அந்த இழுப்பு 'டொம்' என்ற ஒரே சத்தமாகச் சுருங்கிவிடும்.

பழையது எல்லாவற்றிலும் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய பாடல்களின் நெஞ்சை இடிக்கும் பேஸை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த மூடிய பெட்டிகள் பவரும் அதிகம் கேட்கும். பொதுவாக 1 வாட்டுக்கு 86, 88 டெசிபெல் அளவில்தான் சத்தம் தரும், 3 டெசிபெல் கூட்டவே பவரை இரட்டிப்பாக்க வேண்டும். 40, 50 வாட் உள்ள சுத்தமான ஆம்ப்ளிஃபயர் இருந்தால் வீட்டுக்கு ஏராளம். 4 ஓம் பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்க மிச்சமிருந்தால் அறையில் செலவழியுங்கள். மொசைக் தரை, வெறும் சுவர், மேலே கான்கிரீட் என்றால் எந்த ஸ்பீக்கரும் கத்தும். கை தட்டிப் பாருங்கள், 'ணங்' என்று வால் நீண்டால் தரையில் கனமான ஜமுக்காளம் ஒன்று, ஜன்னலுக்குத் திரை. பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தால் அதன் மேல் எவர்சில்வர் பாத்திரம் எதுவும் வேண்டாம், சத்தத்தில் அதிரும். பெட்டியை ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் பல, அலமாரியில் சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே செய்தவை. பேஸ் மெலிவாகத் தெரிந்தால் ஸ்டாண்ட் வாங்கும் முன் சுவர்ப் பக்கம் தள்ளிப் பாருங்கள்.

பெட்டியின் பின்பக்கத் தகட்டில் மாடல் பெயரும் ஓம் அளவும் இருக்கும். அதையும் ஊஃபர் காந்தத்தின் பின்னால் அச்சிட்ட எண்ணையும் படமெடுத்துப் போடுங்கள். எந்த அளவு வளையம், எத்தனை மைக்ரோஃபாரட் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஊஃபரின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடி வையுங்கள், பல்லி உள்ளே போகும்.