குஞ்சுகளுக்கு உமிச் சூடு

கேள்வி: மார்கழி மழையில் 200 கோழிக்குஞ்சுகளுக்கு மின்குமிழ் எரித்தே கரண்ட் பில் ஏறுகிறது. சோலார் போடலாமா? (வாசகி, நிலாவெளி)

பதில்: அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. வாடைக்காலத்தில் எங்கள் பக்கம் வானம் மூடியே கிடக்கும். குஞ்சுகளுக்குச் சூடு அதிகம் தேவைப்படுவதோ இரவில். நான் தம்பலகாமத்து ஆலையில் உமி வாங்கித் தகர அடுப்பில் எரிக்கிறேன். புகைக்குழாய் கட்டாயம் கொட்டிலுக்கு வெளியே போகவேண்டும். ஒருமுறை குழாய் கழன்றதைக் கவனிக்காமல் 11 குஞ்சுகளை இழந்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியஸ், அப்புறம் வாரத்துக்குச் சுமார் 3 பாகை குறையுங்கள். வெப்பமானியோடு குஞ்சுகளையும் பாருங்கள்: அடுப்போரம் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம். வாடைப் பக்கம் தறப்பாளை இறுக்கிக் கட்டி, மேலே காற்றுக்கு ஒரு முழம் விடுங்கள்.