உமர் (ரலி) பத்தி 5 நிமிஷப் பேச்சு: எந்தச் சம்பவத்தச் சொல்லலாம், எத விட்டுடலாம்?

கேள்வி: எட்டாவது படிக்கிற என் பையன் மீலாது விழா பேச்சுப் போட்டியில "நீதியின் நாயகர் உமர் (ரலி)"னு 5 நிமிஷம் பேசணும். நெட்ல தேடினா ஒரே சம்பவம் நாலு விதமா வருது, வருஷமும் ஒத்துப்போகல. நடுவரா வர்றவங்க ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்). எத வச்சு எழுதிக் கொடுக்கறது?

பதில்: எத விடணும்னு முதல்ல சொல்லிடுறேன் சகோதரி, பசங்க மாட்டிக்கிறது அங்கதான். அரசாங்க வேலை முடிஞ்சதும் பைத்துல் மால் (அரசுக் கருவூலம்) விளக்க அணைச்சுட்டு சொந்த விளக்க ஏத்தினாங்கன்னு ஒரு கதை மேடைக்கு மேடை வருதுல்ல, அது இந்த உமர் பத்தினதே இல்ல. 717லருந்து 720 வரைக்கும் ஆண்ட உமையா வம்சத்து கலீஃபா (ஆட்சித் தலைவர்) உமர் இப்னு அப்துல் அஜீஸ் பத்தினது. அவரு நம்ம உமர் (ரலி)யோட மகன் ஆஸிமுக்கு மகள் வயித்துப் பேரன், பேரும் ஒண்ணாப் போச்சு, அதான் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க.

மகள உயிரோட புதைச்சாங்கங்கற கதையும் வேணாம். கேக்கறவங்கள அழ வைக்கும்தான், ஆனா நம்பகமான அறிவிப்பு எதுலயும் அது கிடையாது, அதுவும் போக அவங்க மகள் ஹஃப்ஸா (ரலி) இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடியே பொறந்து நல்லா வளர்ந்து பின்னாடி நபி (ஸல்) அவங்களுக்கு மனைவியானவங்க. நைல் நதிக்கு கடிதம் எழுதின சம்பவத்தோட அறிவிப்பாளர் வரிசை (யார்கிட்டருந்து யார் கேட்டுச் சொன்னாங்கங்கற தொடர்) பலவீனமானது, ஆலிம்கள் முன்னாடி அத எடுக்காம இருக்கறது நல்லது. அலெக்சாந்திரியா நூலகத்த எரிக்கச் சொன்னாங்கன்னு எதிர்த்தரப்புல சுத்துற கதையும் சம்பவம் நடந்ததாச் சொல்ற காலத்துக்கு 500 வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான் எழுத்துல வருது, அதுக்கு பதில் சொல்றேன்னு 5 நிமிஷத்த வீணாக்க வேணாம்.

பசியில அழுத குழந்தைங்க கதை, உமர் (ரலி) மாவு மூட்டைய தன் முதுகுலயே சுமந்துட்டுப் போனது, அத தாராளமா சொல்லலாம். கூடப் போன அவங்க பணியாள் அஸ்லம்தான் அத அறிவிக்கறாரு. ஆனா அந்தம்மா பானையில கல்லப் போட்டு வேகவச்சாங்கன்னு சொல்ல வேணாம், வரலாற்றாசிரியர் தபரீ எழுதினதுல இருக்கறது வெறும் தண்ணி, பிள்ளைங்க ஏதோ வேகுதுன்னு நம்பி தூங்கிடட்டும்னு. கல்லு பின்னாடி வந்து சேந்தது. "நான் தூக்கறேன்"னு அஸ்லம் சொல்ல, மறுமையில என் சுமைய நீயா சுமக்கப் போறேன்னு திருப்பிக் கேட்டாங்களே, அந்த இடத்துல பையன் ரெண்டு நொடி நிறுத்திட்டு மேல போகட்டும்.

தலைப்பு நீதிங்கறதால நான்னா ஹிஜ்ரி 18ல மதீனாவ சுத்தி வந்த பஞ்சத்ததான் நடுவுல வைப்பேன். மழையே இல்லாம மண்ணு சாம்பல் மாதிரி பறந்ததால அந்த வருஷத்துக்கே "சாம்பல் ஆண்டு"ன்னு பேரு. ஜனங்க பழைய நிலைக்கு வர்ற வரைக்கும் நெய்யும் கறியும் தொட மாட்டேன்னு இருந்தாங்க, எண்ணெயத் தொட்டு சாப்பிட்டு சாப்பிட்டே மேனி நிறம் மாறிப்போச்சு. ஷாமுக்கு (சிரியா பக்கம்) ஆள் அனுப்பி தானியம் வரவழைச்சாங்க, பசியில திருடினவன் கைய வெட்ட வேணாம்னு நிறுத்தி வச்சாங்க. சட்டத்துல கறாரா இருந்தவங்கன்னு பேர் வாங்கின ஒருத்தர் எந்த இடத்துல சட்டத்த நிறுத்தினாங்கன்னு காட்டினா நீதி என்னன்னு பையன் தனியா விளக்கவே தேவையில்ல, கடைசியில நபி (ஸல்) அவங்களோட சித்தப்பா அப்பாஸ் (ரலி)ய முன்னால வச்சு மழைக்காக துஆ கேட்டதையும் சேத்துக்கலாம், அது புகாரி ஹதீஸ் தொகுப்புலயே இருக்கு.

முடிவுக்கு அவங்களோட கடைசி நாட்கள். ஹிஜ்ரி 23 துல்ஹஜ் கடைசியில, அதாவது 644 நவம்பர்ல, சுபுஹு தொழுகையில முகீரா (ரலி)யோட அடிமை அபூ லுஃலுஆ குத்திட்டான். புகாரியில இது நீளமா வருது, பேச்சுக்கு அதுலேயே வேண்டிய அளவு கிடைக்கும். வயித்துல காயத்தோட கிடக்கும்போது மகன் அப்துல்லாஹ்வ கூப்பிட்டு என் கடன் எவ்வளவுன்னு கணக்குப் பாருங்கறாங்க, ஏறக்குறைய 86,000 வருது, குடும்பத்து சொத்துல அடை, பத்தலன்னா நம்ம பனூ அதீ கிளைகிட்ட கேளு, அதுவும் பத்தலன்னா மொத்த குறைஷி குலத்துகிட்ட, அதத் தாண்டி யார்கிட்டயும் போகாதன்னு சொல்றாங்க. பாரசீகமும் மிஸ்ரும் (எகிப்தும்) கைக்கு வந்த ஆட்சி அது, பைத்துல் மால் பேரே அந்த லிஸ்ட்ல இல்ல பாருங்க. அடுத்து ஆயிஷா (ரலி)கிட்ட அடக்கம் பண்ண இடம் கேட்டு மகன அனுப்பும்போது, உமர் ஸலாம் சொன்னார்னு சொல்லு, அமீருல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் தலைவர்)னு சொல்லாத, இன்னிக்கு நான் அமீர் இல்லங்கறாங்க. என்னக் கேட்டா பேச்ச இதோட முடிச்சுடலாம்.

வருஷக் கணக்குல 634லருந்து 644 வரைக்கும் ஆட்சி, அபூபக்ர் (ரலி)க்கு அடுத்து ரெண்டாவது கலீஃபா, இது போதும். ஹிஜ்ரி வருஷக் கணக்க ஆரம்பிச்சது அவங்க காலத்துலதான், ஒரு வரி சேத்துக்கோங்க. வயச மட்டும் சொல்ல வேணாம், 63ன்னும் வருது 55ன்னும் வருது. போர்க்களங்கள் ஒரே வரியில போகட்டும், யர்மூக்கும் காதிஸிய்யாவும் பேர் சொன்னா போதும்.

அடுத்த கலீஃபாவத் தேர்ந்தெடுக்க நியமிச்ச ஆறு பேர், உஸ்மான், அலீ, தல்ஹா, ஜுபைர், ஸஅத், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), இவங்க பேரையும் மகன் அப்துல்லாஹ்வ ஆலோசனைக்கு மட்டும் உக்கார வச்சு பதவியில பங்கில்லன்னு சொன்னதையும் பையன் மனப்பாடம் பண்ணி வச்சுக்கட்டும். பேச்சுல வராட்டியும் பரவாயில்ல, நடுவர் குறுக்க கேள்வி கேட்டா பெரும்பாலும் அங்கருந்துதான் கேப்பாங்க.