புதினாவை இடிக்காதீர்கள், தட்டுங்கள்

வாசகர் கேள்வி பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் எலுமிச்சையும் புதினாவும் போட்ட ஒரு காக்டெயில் செய்முறையைச் சின்னதாகப் போட்டிருந்தேன். 60 மில்லி ஜின், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு, எட்டு புதினா இலை, எல்லாவற்றையும் ஐஸோடு குலுக்கி வடிகட்டினால் சரி என்று நாலே வரி. நாலு வரியில் முடித்தது என் தப்பு. வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கசந்திருக்கிறது, மீதிப் பேருக்குப் புளித்திருக்கிறது, ஒருவருக்குக் கையில் தழும்பே விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம், உங்களுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது.

கேள்வி: நீங்கள் சொன்ன அளவுப்படியேதான் செய்தேன். புதினாவை நன்றாக இடித்து, சாறு இறங்கும் வரை நசுக்கித்தான் போட்டேன். குடித்தால் புல்லைக் கரைத்துக் குடிப்பதுபோல இருக்கிறது, தொண்டையில் கசப்பு நிற்கிறது. புதினா சரியில்லையா?

பதில்: புதினா பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். "சாறு இறங்கும் வரை" என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். நமக்கு வேண்டியது புதினாவின் வாசனை, சாறு இல்லை. அந்த வாசனை எண்ணெய் பெரும்பாலும் இலையின் மேல்பரப்பில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் குட்டிச் சுரப்பிகளில் இருக்கிறது; செடியை லேசாக உரசிக்கொண்டு போனாலே கை மணப்பது அதனால்தான். மெதுவாக அழுத்தினால் இந்தச் சுரப்பிகள் உடையும், அதோடு நமக்குப் போதும். அதற்கு மேலும் போட்டு இடித்தால் இலையே கிழிந்து உள்ளே இருக்கிற பச்சையமும் கசப்பும் வெளியே வரும், கூடவே இலையில் இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கி எல்லாவற்றையும் பழுப்பாக்கும். நறுக்கி வைத்த ஆப்பிள் நிறம் மாறுகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

அதனால் இடிகல்லை எடுத்து வையுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு இலைகளை உள்ளங்கையில் பரப்பி, கை தட்டுவதுபோல ஒரே ஒரு தட்டு. உடனே மூக்குக்கு வாசனை வரும். அப்படியே ஷேக்கரில் போடுங்கள், மிச்ச வேலையைக் குலுக்கும்போது ஐஸ் கட்டிகள் பார்த்துக்கொள்ளும். ஊற்றும்போது ஷேக்கரின் சல்லடைக்குக் கீழே ஒரு டீ வடிகட்டியையும் பிடித்துக்கொண்டால் பச்சைத் துணுக்கு பல்லில் மாட்டாது. ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுக்கமாக உள்ள அகல வாய் ஜாடி போதும், அதற்காகத் தனியாகச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: புதினாவை இடிக்கக் கூடாது என்கிறார்கள் எல்லோரும். ஆனால் துளசி வகையைச் சேர்ந்த பேசில் இலை போட்டுச் செய்கிற ஒரு பானத்தில் ஒரு கைப்பிடி இலையைக் கட்டையால் குத்து குத்தென்று குத்துகிறார்களே, அது மட்டும் எப்படி?

பதில்: கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது ஜின் பேசில் ஸ்மாஷாக இருக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லெ லியோன் என்ற பாரில் யோர்க் மேயர் 2008இல் கொண்டுவந்த பானம் அது. அங்கே பச்சை நிறமும் அந்த இலைச் சுவையும்தான் நோக்கமே, அதனால் இலையை எலுமிச்சைச் சாறோடு சேர்த்து நன்றாகவே நசுக்குவார்கள். பேசிலின் பச்சை வாடை புதினாவின் பச்சை வாடை அளவுக்கு உறுத்தாது என்பது என் நாக்கின் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம். ஆனால் ஒன்று: செய்தவுடன் குடித்துவிட வேண்டும். போன் வந்தது என்று எழுந்து போய் அரை மணி கழித்து வந்தால் பளிச்சென்று இருந்தது குளத்துத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருக்கும்.

ரோஸ்மேரி, தைம் மாதிரி காம்பு கட்டையான மூலிகைகளுக்குத் தட்டுவதும் வேண்டாம், குத்துவதும் வேண்டாம். சர்க்கரைப் பாகு காய்ச்சி அடுப்பை அணைத்ததும் ஒரு கொத்தைப் போட்டு மூடி இருபது நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். ரோஸ்மேரியில் மட்டும் கை தாராளம் காட்டாதீர்கள், கொஞ்சம் கூடினாலும் மருந்து வாடை.

கேள்வி: எலுமிச்சை கிடைக்கவில்லை என்று அதே அளவு ஆரஞ்சுச் சாறு ஊற்றினேன். சப்பென்று இருந்தது. எதனால்?

பதில்: எலுமிச்சைச் சாற்றில் அமிலம் ஏறத்தாழ 6 சதவீதம், சின்னப் பச்சைக் காயோ பெரிய மஞ்சள் பழமோ இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இனிப்பு ஆரஞ்சில் 1 சதவீதம் இருந்தாலே அதிகம், அதோடு அதற்கென்று சொந்தமாகச் சர்க்கரையும் இருக்கிறது. ஆக நீங்கள் புளிப்பை ஆறில் ஒன்றாகக் குறைத்துவிட்டு இனிப்பைக் கூட்டியிருக்கிறீர்கள், சப்பென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

இந்த வகைப் பானங்கள் எல்லாமே ஒரு தராசுதான்: ஒரு தட்டில் புளிப்பு, இன்னொன்றில் இனிப்பு, நடுவில் மது. மது இரண்டு பங்கு என்றால் புளிப்பும் இனிப்பும் ஆளுக்கு ஏறத்தாழ முக்கால் முதல் ஒரு பங்கு வரை. மதுவை ரம்மாக மாற்றினால் டைக்கிரி, ஜின் என்றால் இது, விஸ்கி என்றால் விஸ்கி சவர். ஆரஞ்சு வேண்டும் என்று ஆசையாக இருந்தால் 30 மில்லி ஆரஞ்சுச் சாறோடு 20 மில்லி எலுமிச்சைச் சாறு ஊற்றி, பாகைப் பாதியாகக் குறையுங்கள். எதுவாக இருந்தாலும் அளந்து ஊற்றுங்கள். சமையலில் கைக்கணக்கு சரி, இங்கே 5 மில்லி கூடினாலே முகம் சுளிக்கும். மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி இருக்கிறதே, அதைக் கழுவி எடுத்துக்கொண்டால் கச்சிதம்.

பாகைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சர்க்கரையும் தண்ணீரும் எடையில் சமம், கரையும் வரை சூடு காட்டினால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். சாறு பிழிந்த தோலைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வாசனையெல்லாம் அந்தத் தோலில்தான்! பிழிவதற்கு முன்பே நாலு பழத்தின் தோலை உள்ளே இருக்கும் வெள்ளை வராமல் மெல்லிசாகச் சீவி, 100 கிராம் சர்க்கரையில் பிசறி மூடி வையுங்கள். சர்க்கரை எண்ணெயை இழுத்துக்கொண்டு மறுநாள் ஈரமாக இருக்கும். 100 மில்லி வெந்நீர் ஊற்றிக் கலக்கி வடிகட்டினால் அந்தப் பாகு சாதாரணப் பாகை ஓரங்கட்டிவிடும்.

கேள்வி: ஐஸ் கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது என்று இரண்டே கட்டி போட்டுக் குலுக்குகிறேன். சரிதானே?

பதில்: நேர் எதிர். இரண்டு கட்டி பானத்தின் சூட்டைத் தாங்க முடியாமல் முழுசாகக் கரைந்துவிடும், பானமும் சரியாகக் குளிராது, அதாவது இரண்டு நஷ்டம். ஷேக்கரில் முக்கால் பாகம் வரை, ஃப்ரீஸரில் இருந்து எடுத்த காய்ந்த கட்டிகளைப் போடுங்கள். ஏற்கனவே வெளியே கிடந்து வியர்த்த ஐஸ் வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர் அப்படியே பானத்தில் சேரும். பத்துப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்குங்கள், வெளியே பனி பூத்து கை விறைத்தால் நிறுத்தலாம். அதற்கு மேல் குலுக்கினால் கைதான் வலிக்கும்.

இன்னொன்று, தண்ணீர் எதிரி இல்லை. 105 மில்லி உள்ளே போனால் 130 மில்லிக்கு மேல் வெளியே வரும், அந்த நீர் இல்லாவிட்டால் மதுவின் காரம் மூக்கில் ஏறும். மது கலந்த நீர் சைபர் டிகிரியில் உறையாது என்பதால் பானம் சைபருக்குக் கீழே சில டிகிரி வரைகூடப் போகும். முதன்முதலில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தபோது கருவி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

கேள்வி: என் மனைவி கர்ப்பமாக இருக்கிறார், நானும் அவரோடு சேர்ந்து நிறுத்திவிட்டேன். மது இல்லாமல் இதைச் செய்தால் வெறும் எலுமிச்சை ஜூஸ்தானே ஆகிறது?

பதில்: ஆமாம், ஜின்னை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான். மது செய்த வேலையைச் செய்ய வேறு ஆள் வேண்டும். கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் காரம், நாக்கில் சற்று நேரம் நிற்கிற ஏதோ ஒன்று. ஸ்ட்ராங்காக இறக்கி ஆறவைத்த கறுப்பு டீ 60 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள், அதில் துருவிய இஞ்சியைப் பிழிந்து அரை ஸ்பூன் சாறு, மற்றபடி எலுமிச்சை, பாகு, புதினா எல்லாம் அதே அளவு. ஒரு சிட்டிகைகூட வேண்டாம், நாலைந்து கல் உப்பு போதும், கசப்பை அது அடக்கும். டீயில் காஃபீன் உண்டு, கர்ப்பக் காலத்தில் அதற்கும் அளவு இருக்கிறது என்பதால் அன்றைய மற்ற காபி, டீயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே நிறுத்தினீர்களே, அது பிடித்திருக்கிறது எனக்கு.

கேள்வி: இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் குடிப்பதே தெரியவில்லை. மூன்று கிளாஸ் உள்ளே போனபிறகு எழுந்தால் தரை ஆடியது. இது ஒயின் அளவுக்குத்தானே ஏறும்?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 சதவீத ஜின் 60 மில்லியில் சுத்த ஆல்கஹால் 24 மில்லி, எடையில் சுமார் 19 கிராம். குலுக்கி முடிந்த 130 சொச்சம் மில்லி பானத்தில் அது 18 சதவீதம். ஒயின் பொதுவாக 12, 13. அதாவது உங்கள் கையில் இருந்தது ஒயினைவிடக் கடுமையானது, ஜூஸ் வேஷம் போட்டிருந்தது, அவ்வளவுதான். மூன்று கிளாஸ் என்றால் 57 கிராம். நம் கல்லீரல் மணிக்குப் பத்து கிராமை ஒட்டித்தான் கரைக்கும், ஆகவே மறுநாள் காலையில் வண்டி எடுக்கும்போதுகூட யோசிக்க வேண்டிய அளவு. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நான் ஜின்னை 40 மில்லியாகக் குறைத்து, மற்றதையும் அதே விகிதத்தில் குறைத்து, உயரமான கிளாஸில் சோடா ஊற்றி நிரப்பிக்கொள்கிறேன். ஒன்றோடு சரி.

கேள்வி: கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்பளிமாஸ் மாதிரி இருக்கும் கசப்புப் பழம்) சாறு வைத்துச் செய்யலாமா? அப்பாவுக்கு அந்தக் கசப்பு பிடிக்கும், கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறார்.

பதில்: டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் கொடுக்காதீர்கள். குடலில் சில மருந்துகளை உடைக்கும் நொதியை இந்தப் பழம் முடக்கிவிடும், மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறும். சிம்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள் அந்தப் பட்டியலில் உண்டு. இது வெளியே தெரிய வந்த விதமே வேடிக்கை: கனடாவில் ஃபெலோடிபைன் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்கள், மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்து எக்கச்சக்கமாக ஏற, கடைசியில் பார்த்தால் ஆள் மது இல்லை, சாறு. 1989இல் அதை வெளியிட்டார்கள். மாத்திரையோடு மது சேரலாமா என்பது தனிக் கேள்வி, அதையும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் நண்பர்களுக்காக முப்பது எலுமிச்சை பிழிந்தேன். இரண்டு நாள் கழித்து கையில் சாறு வழிந்த தடத்திலேயே சிவந்து, இப்போது கறுப்பாக நிற்கிறது. அலர்ஜியா?

பதில்: பகலில், வெயிலில் பிழிந்தீர்கள், சரியா? அலர்ஜி இல்லை, ஒருவகை வெயில் புண். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கும் ஃப்யூரானோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு, மேலே புற ஊதாக் கதிரும் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும், அதனால்தான் யாரும் எலுமிச்சையைச் சந்தேகிப்பதில்லை. கறுப்பு தானாக மங்கும், வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள். கொப்புளம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை வீட்டுக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மாடிக்குப் போங்கள்.

கேள்வி: செம்புக் கோப்பையில் ஊற்றிக் குடித்தால் அழகாக இருக்கிறதே?

பதில்: உள்ளே எஃகோ நிக்கலோ பூசியதாக இருந்தால் தாராளமாக. வெறும் செம்பு என்றால் வேண்டாம், எலுமிச்சைப் புளிப்பு செம்பை அரித்துப் பானத்தில் சேர்க்கும்.

கேள்வி: எட்டுப் பேர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் குலுக்கிக்கொண்டிருக்க முடியாது. மொத்தமாக, சோடாவும் சேர்த்து, முன்னாலேயே செய்து வைக்கலாமா?

பதில்: 480 மில்லி ஜின்னும் 160 மில்லி பாகும் முந்தின நாளே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். 200 மில்லி எலுமிச்சைச் சாறு அன்றைக்கு மாலைதான், இரவு தாண்டிய சாற்றில் ஒரு மந்தமான கசப்பு வரும். குலுக்கப் போவதில்லை என்பதால் ஐஸ் கொடுத்திருக்க வேண்டிய தண்ணீரை நீங்கள் கொடுக்க வேண்டும், 200 மில்லி குளிர்ந்த நீர். புதினாவை ஊற வைக்காதீர்கள், கிளாஸில் ஐஸ் போட்டு ஊற்றியபின் ஆளுக்கு ஒரு கொத்தைத் தட்டி மேலே செருகுங்கள், குடிக்கும்போது மூக்கு அதில்தான் இடிக்கும்.

சோடா கிளாஸில் மட்டும், கடைசியில் மட்டும். நேரம் மிச்சம் என்று நான் ஒருமுறை சோடாவையும் ஷேக்கரிலேயே ஊற்றி மூடி, இரண்டு குலுக்குத்தான் குலுக்கினேன். மூடி விட்டத்தில் மோதித் திரும்பி வந்தது, சட்டை நாசம். புதினா இலை ஒன்று மின்விசிறியில் ஒட்டிக்கொண்டது தெரியாமல் போட்டுவிட்டேன், அது எங்கே போய் விழுந்தது என்று வந்திருந்தவர்களில் ஒருவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.